உதைபந்துக்குப் படியளந்தவர் யார்?

சுவரிருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம் என்பது எம் முன்னோர் வாக்கு. 1897ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணத்துக்கு எழுந்தருளி, இந்துக் கல்லூரியிலே வேதாந்தத்தின் பெருமையை எடுத்துரைத்தார். அதன்பின் சில வாரங்களிற் சென்னை நகரிலே வாலிபரை நோக்கி அவர் பேசிய பேச்சொன்று பலரைத் திடுக்கிடச் செய்தது. உடல் வலிவற்றவனுக்குக் கீதை விளங்காது. ஆதலால் அவனுக்கு முதலில் வேண்டப்படுவது உதைபந்தாட்டமே என்னும் கருத்துப்பட அவர் பேசினார். இதனை நாம் எமது விழாக்களிலும் சொற்பொழிவுகளிலும் எத்தனையோ முறை கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். ஆயினும் அதனையொட்டி எழவேண்டிய கேள்வியொன்றை நாம் கேட்டதில்லை. பந்தை உதை என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டோம். பந்தின் விலையை யார் கொடுப்பது? மைதானத்தை யார் பேணுவது? பழக்குபவருக்கு யார் படியளப்பது? இக்கேள்விகளுக்கு எமது குடாநாடு இந்நூற்றாண்டுக் காலத்திலே என்ன விடை கூறி வந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உதைபந்தாட்டத்தின் இற்றை விதிகள் 1863ஆம் ஆண்டிலே இலண்டனில் வகுக்கப்பட்டன. ஆங்கிலேயர் சென்ற தேசமெங்கும் ஆட்டமும் சென்றது. யாழ்ப்பாணத்திலே அதற்கு முதல் வீடாக அமைந்தவை கல்லூரிகள். சென். ஜோன்ஸ், மத்திய கல்லூரி, சம்பத்திரிசியார் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, பருத்தித்துறை ஹாட்லி ஆகிய மிஷன் கல்லூரிகள் ஒருபுறம்; 1890இல் எழுந்த யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை அவர்கள் தெல்லிப்பழையில் நிறுவிய மகாஜனக் கல்லூரி, 1921இல் சேர். பொன். இராமநாதன் அவர்கள் எமது திருநெல்வேலியிலே நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி ஆகியன மறுபுறம். இரு திறத்தாரும் பிற்காலத்திலே ஒரே மைதானத்தில் நின்று, ஒரே பந்தின் பின்னே ஓடினர். சமயத்தாற் பிரிந்து நின்ற பாடசாலைகளை ஆட்டம் ஒன்றுகூட்டியது என்று கூறின் மிகையாகாது.

அக்காலத்திலே அரசாங்கம் உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்குப் பணம் கொடுத்தது உண்மையே. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அப்பணம் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்பவற்றிற் பிள்ளைகள் பெற்ற தேர்ச்சியைப் பார்த்து அளக்கப்பட்டது. பிள்ளை எத்தனை வேகமாக ஓடினான் என்று பரிசோதகர் கேட்டாரில்லை. எனவே பந்தும் வலையும் மாணவர் கட்டிய கட்டணத்திலிருந்தும், பழைய மாணவரின் நன்கொடையிலிருந்தும், சிலவேளை அதிபரின் சொந்தச் சட்டைப்பையிலிருந்தும் வந்தன. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே கல்வி மந்திரி கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களினால் உதவி நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கமே பொறுப்பேற்றது. ஆசிரியரின் சம்பளம் அரசாங்கத்துக்குரியதாயிற்று. அந்த ஆசிரியரே மாலையிற் காற்சட்டையணிந்து மைதானத்தில் இறங்கிப் பழக்குபவராகவும் நின்றார். ஆதலால், அரசாங்கம் எமது உதைபந்துக்கு அளித்த முதற்பெரும் உபகாரம் கட்டடமுமன்று, கிண்ணமுமன்று. மாதந்தவறாது சம்பளம் பெற்ற ஓர் ஆசிரியரேயாவார். இதனை வாசகர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். பின்னே நாம் கூறப்போவதற்கெல்லாம் இதுவே ஆதாரம்.

கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளும் ஆடினர். நாம் சிறுவராயிருந்த நாட்களிலே வாழைச்சருகைச் சுருட்டிச் சணற்கயிற்றாற் கட்டியதே பந்து. கோயில் வீதியும், அறுவடை முடிந்த வயலும், தோட்டக்காணியின் தரிசுமே மைதானம். வாழைத்தண்டு இரண்டை நாட்டினாற் கோல்கம்பம். இவ்வாறு பழகிய பிள்ளைகள் வளர்ந்து ஊருக்கு ஊர் கழகம் கண்டனர். குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். மேரிஸ், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், ஊரெழு றோயல், மயிலங்காடு ஞானமுருகன் என இன்றும் பெயர் விளங்க நிற்கும் கழகங்கள் பல. கடற்கரை ஊர்களும் தோட்ட ஊர்களும் இதிலே ஒன்றுக்கொன்று சளைத்தனவல்ல. இத்தகைய ஊர்க் கழகங்களுக்கு அடித்தளம் ஊர்ப்பணமே. நாடகம் மேடையேற்றி ரிக்கற் விற்றனர், களியாட்டவிழா நடத்தினர், கோயிலுக்குப் பிடியரிசி சேர்த்த ஊர், கழகத்துக்கும் கையிலிருந்ததைக் கொடுத்தது. கொழும்புக்குப் போன அரசாங்க உத்தியோகத்தர் லீவில் வரும்போது பந்தொன்று வாங்கி வந்தால், அதுவே அவ்வாண்டின் பெருங்கொடை.

அரசாங்கம் விளையாட்டைத் தன் கடமைகளுள் ஒன்றாகச் சட்டத்தில் எழுதிக்கொண்டது 1973ஆம் ஆண்டிலேயாம். அவ்வாண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் தேசிய விளையாட்டுப் பேரவையை அமைத்து, 1939இல் தோன்றிய உதைபந்தாட்டச் சங்கம் முதலிய தேசிய சங்கங்களையெல்லாம் மந்திரியின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு, 1974இல், பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவுத் திட்டம் தொடங்கியது. பாராளுமன்ற உறுப்பினர் தம் தொகுதியின் சிறு வேலைகளுக்குப் பணம் ஒதுக்கும் வழி இதனாற் பிறந்தது. காலப்போக்கிலே கழகங்களுக்கு விளையாட்டு உபகரணம் வழங்குவதும் இதன் பகுதியாயிற்று. 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டம் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தை நிறுவியது. 1987இல் மாகாணசபைகளும் பிரதேசசபைகளும் சட்டத்தால் உருப்பெற்றன. கொழும்பிலிருந்து கிராமம்வரை பணம் இறங்கிவரப் படிகள் கட்டப்பட்டன என்றே சொல்லலாம்.

படிகள் இருந்தும் தண்ணீர் இறங்கிய விதம் வேறு. பணம் பெரும்பாலும் பொருளாகவே வந்தது; அதுவும் ஒரு நாட் பொருளாக வந்தது. மாலையிட்டு, விளக்கேற்றி, மேடையிலே பந்தும் சீருடையும் கையளிக்கப்படும், படம் பிடிக்கப்படும். ஆறு மாதத்திற் பந்து கிழியும். கிழிந்த பந்துக்கு விழா எடுப்பார் எவருமில்லை. பந்து கொடுத்தவரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. அவர் கொடுத்திராவிட்டால் அதுவுமில்லை. பிள்ளையை ஆட்டக்காரனாக்குவது பந்து மட்டுமன்று, கிழமைக்கு மூன்று நாள் தவறாது வந்து நிற்கும் பழக்குபவரே என்பதை எமது வரவுசெலவுத் திட்டங்கள் காணவில்லை என்பதே எமது கவலை.

இதற்கிடையிற் காலம் எம்மைக் கடுஞ்சோதனைக்குள்ளாக்கியது. 1956இல் ஓடத்தொடங்கிய யாழ்தேவி, எமது ஆட்டக்காரரைக் கொழும்புக்குக் கொண்டுசென்ற வண்டியாகும். 1990இல் அது எமது மண்ணுக்கு வராது நின்றது. அதே ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். மகாஜனக் கல்லூரியும் தன் மண்ணைவிட்டு வேறிடங்களில் வகுப்பு நடத்த நேர்ந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே ஓரிரவில் வீடுவாசலை விட்டு நடந்தது. மைதானங்கள் சில முகாம்களாயின, சில பற்றைக்காடாயின. யாழ் நகரிலே, 1975இற் கொலையுண்ட நகரபிதா அல்பிரட் துரையப்பா அவர்களின் பெயர்தாங்கிய விளையாட்டரங்கின் நிலத்தை 1999இல் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பிள்ளைகள் ஓடவேண்டிய நிலம் அவ்வாறு கிடந்தது. கண்டி வீதி 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடியது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தெற்கே உள்ள அணியொன்றுடன் ஆடாமலே வளர்ந்து முடிந்தனர். அப்படியிருந்தும் ஊர்க் கழகங்கள் இடம்பெயர்ந்த ஊர்களிலும் பந்தை உதைத்துக்கொண்டே இருந்தன. இதனை நாம் மறத்தல் தகாது.

2009இல் யுத்தம் முடிந்தபின் நிலைமை மாறியது. 2013இல் வடமாகாணசபை தெரிவுசெய்யப்பட்டது. கல்வி அமைச்சின் கீழேயே விளையாட்டும் இளைஞர் விவகாரமும் அமைந்தன. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2016ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், இந்திய அரசின் நன்கொடையாற் புதுப்பிக்கப்பட்ட துரையப்பா விளையாட்டரங்கை, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவர்கள் இங்கே நிற்க, பாரதப் பிரதமர் நரேந்திர மோடி அவர்கள் டில்லியிலிருந்து காணொளி மூலம் திறந்துவைத்தார். அரியாலையிலே உதைபந்தாட்டப் பயிற்சி நிலையமும் மைதானமும் அமைந்தன. இவையெல்லாம் எமது நன்றிக்குரியன. எலும்பு கிடந்த நிலத்திலே பிள்ளைகள் ஓடக் கண்ட கண்கள் கலங்காதிருக்குமோ?

ஆயினும் அரங்கு எழுந்ததுபோல ஆட்டக்காரர் எழுந்தனரா என்று பார்த்தல் வேண்டும். 2021இல் இலங்கையின் முதலாவது தொழின்முறை உதைபந்தாட்டத் தொடராகிய சூப்பர் லீக் தொடங்கியது. 10 கழகங்கள் ஆடின. அவற்றுள் வடக்கிலிருந்து ஒன்றேனும் இல்லை. எமது பிள்ளைகளின் காலில் வலுவில்லை என்பது இதன் பொருளன்று. மகாஜனக் கல்லூரிப் பெண்பிள்ளைகள் அகில இலங்கைப் பாடசாலைகளுக்கிடையே முதலிடம் பெற்று, நாட்டின் அணிகளிலும் இடம்பெற்றதை நாடறியும். பெண்பிள்ளைக்குப் பந்தெதற்கு என்று கேட்ட ஊரிலே அவர்கள் அதனைச் செய்தனர். பதினெட்டு வயதுவரை பாடசாலை தாங்குகிறது. பாடசாலை விட்டபின் தாங்கும் கை இல்லை என்பதே குறை. பாடசாலைக்கு முன், எட்டு வயதுப் பிள்ளையைத் தாங்கும் கையும் இல்லை.

நாம் கண்டதொன்றைக் கூறுகின்றோம். எமக்கு அறிமுகமான கழகமொன்றின் இளையோர் அணி கொழும்பிலே ஆட்டமொன்றுக்கு அழைக்கப்பட்டது. பேருந்துக் கூலிக்கு உதவி கோரி அலுவலகமொன்றுக்கு விண்ணப்பித்தனர். நாள் நெருங்கியது, பதில் இல்லை. கோல்காப்பாளனின் தாய் தன் காப்பை அடைவு வைத்தாள். பிள்ளைகள் சென்று ஆடி, ஒரு கோலினால் தோற்றுத் திரும்பினர். உதவி வழங்குவது பற்றிப் பரிசீலிக்கப்படும் என்ற கடிதம் மூன்று மாதத்தின் பின் வந்தது. அக்காப்பு மீண்டதா என்று கேட்க எமக்குத் துணிவு வரவில்லை. வாசகர்களே, அன்று கொடுக்கவேண்டிய தொகை பெரிதன்று. அது அன்று கொடுக்கப்படவில்லை என்பதே பெரிது.

நாட்டின் தலைமையிடத்திலும் இவ்வாறே குழப்பம் நிகழ்ந்தது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2023 முதல் 2026 வரையான காலத்துக்கு ஒவ்வோர் உறுப்பு நாட்டுக்கும் 80 இலட்சம் அமெரிக்க டொலர் வரை அபிவிருத்திக்காகக் கொடுக்க முன்வந்தது. அக்காலம் தொடங்கிய முதல் மாதமாகிய 2023 ஜனவரியிலேயே, சங்கத்தின் தேர்தலில் அரசாங்கத்தின் தலையீடு இருந்ததென்று கூறி அச்சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் மாத இறுதியிலேயே தடை நீங்கியது. அம்மாதங்களிலே சர்வதேச ஆட்டமுமில்லை, அச்சம்மேளனத்தின் பயிற்சி உதவியுமில்லை. பெரியோர் கதிரைக்குச் சண்டையிட்டனர். பிள்ளைகள் பந்தை இழந்தனர். அரசாங்கம் பணம் கொடுக்கவேண்டும், ஆனால் ஆட்டத்தை ஆளக்கூடாது. சங்கம் பணத்தைப் பெறவேண்டும், ஆனால் கணக்குக் காட்ட மறுக்கக்கூடாது. இவ்விரண்டும் சேர்ந்தே நிற்கவேண்டிய தர்மங்கள்.

இனிப் பிறநாட்டார் செய்ததைச் சிறிது நோக்குவோம். வட அத்திலாந்திக் கடலிலே ஐஸ்லாந்து என்றொரு பனித்தீவு உளது. 2016இல் அதன் சனத்தொகை ஏறக்குறைய 3 இலட்சத்து 30 ஆயிரம். எமது யாழ் மாவட்டத்திலே 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 5 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர் என்பதை ஒப்புநோக்குக. அங்கே ஆண்டின் பெரும்பகுதி குளிரும் இருளும். 2000ஆம் ஆண்டளவில் தொடங்கி அந்நாட்டு உள்ளூராட்சிச் சபைகள் கூரையிட்ட உதைபந்தாட்ட மண்டபங்களைக் கட்டின. ஆனால் கட்டியதோடு நின்றாரல்லர். சிறுபிள்ளைகளைப் பழக்குவோரும் முறையான சான்றிதழும் ஊதியமும் பெற்றவர்களாயினர். தலைநகராகிய றெய்க்யவிக்கின் நகரசபை ஒவ்வொரு பிள்ளையின் பேரிலும் ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி, அது விளையாட்டுக்கோ கலைக்கோ செலவாக வழிசெய்தது. 2016இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியிலே அத்தீவு இங்கிலாந்தை 2 - 1 எனத் தோற்கடித்தது. 2018இல் உலகக் கிண்ணப் போட்டிக்குச் சென்றது. அதற்குமுன் அத்துணைச் சிறிய சனத்தொகையுள்ள நாடு எதுவும் அங்கே சென்றதில்லை.

ஐஸ்லாந்து செல்வநாடு, எமக்கு அது எட்டாக்கனி என்பீராயின், கடலுக்கு அக்கரையிலுள்ள தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே 1992இல் நிறுவப்பட்ட விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டங்கள் பலவற்றிலே விடுதிகள் நடத்துகின்றது. வறிய வீட்டுப் பிள்ளைக்கு உணவும் இருப்பிடமும் படிப்பும் பயிற்சியும் அரசின் செலவு. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இலும் 2023இலும் இந்தியாவின் தேசிய உதைபந்தாட்டக் கிண்ணத்தை வென்றது. பிள்ளையின் வயிற்றையும் கால்களையும் சேர்த்தே கவனித்த முறை அது.

எம்மவர் கதையிலும் இதற்குச் சான்றுண்டு. அண்மைய ஆண்டுகளில் இலங்கை அணியிலே ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிறந்து வளர்ந்த வாலிபர்கள் சேர்க்கப்பட்டுள்ளனர். அவர்களுள் தமிழ்ப் பெயர் தாங்கியோரும் உளர். எமது மண்ணிலிருந்து கலங்கிச் சென்ற குடும்பங்கள் எத்தனையோ. அப்பிள்ளைகள் சென்ற நாட்டிலே ஐந்து வயதிலிருந்து புற்றரையும் பழக்குபவரும் இக்காலத்தார் அக்கடமி என்று வழங்கும் பயிற்சிச்சாலையும் கிடைத்தன. அதே இரத்தம், அதே கால். இங்கே நின்ற பிள்ளைக்கு வாழைச்சருகுப் பந்து. அங்கே சென்ற பிள்ளைக்குப் பயிற்சிச்சாலை. வித்தியாசம் பிறப்பிலன்று, படியளப்பில்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்றேயாம். அரங்கு கட்டுவது ஒரு நாட் செலவு. பிள்ளையை வளர்ப்பது ஆண்டுச் செலவு. ஒரு நாட் செலவுக்குக் கல்வெட்டு வைக்கலாம். ஆண்டுச் செலவுக்குக் கல்வெட்டு இல்லை. அதனாலேதான் முன்னையதற்குப் பணம் எளிதில் வருகிறது, பின்னையதற்கு வருவதில்லை. ஆனால் எமது உதைபந்து மிகச் செழித்த காலம், மாதச்சம்பளம் பெற்ற ஆசிரியர் மாலையில் மைதானத்தில் நின்ற காலமே என்பதை மேலே கண்டோம்.

ஆகவே நாம் அரசாங்கத்தாரிடம் கேட்பது பெருங்கட்டடமன்று. 2025 மே மாதத் தேர்தலின் பின் உள்ளூராட்சிச் சபைகளிலே மக்களின் பிரதிநிதிகள் மீண்டும் அமர்ந்தனர். எமது திருநெல்வேலி நல்லூர்ப் பிரதேசசபைக்குட்பட்டது. அச்சபையும் அயற்சபைகளும் தத்தம் வரவுசெலவுத் திட்டத்திலே சிறுவர் உதைபந்துக்கென்று ஒரு தலைப்பை ஆண்டுதோறும் நிலையாக எழுதட்டும். ஊருக்கு ஒரு பயிற்சிச்சாலை; 8 முதல் 14 வயதுவரை 30 பிள்ளைகள், ஆணும் பெண்ணும்; 10 பந்துகள்; ஆண்டில் 40 வாரம்; சான்றிதழ் பெற்ற ஒரு பழக்குபவர்; அவருக்கு மாதந்தோறும் ஊதியம்; ஆட்டம் முடிந்ததும் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் கடலை; வெளியூர் ஆட்டத்துக்குப் பேருந்துக் கூலி, அதுவும் ஆட்டத்துக்கு முன்னரே. இவ்வளவே. மாகாண விளையாட்டுத் திணைக்களம் பழக்குபவரைப் பயிற்றட்டும். கல்வித் திணைக்களம் பாடசாலை மைதானங்களை மாலை வேளையில் ஊர்ப்பிள்ளைகளுக்குத் திறந்துவிடட்டும்.

எம்மிடம் நாம் கேட்கவேண்டியதும் உண்டு. அரசாங்கப் பணம் வேண்டுமாயின் எமது கழகம் கணக்குப் புத்தகம் ஒழுங்காக வைத்தல் வேண்டும்; ஆண்டுப் பொதுக்கூட்டம் கூட்டி வரவும் செலவும் வாசித்தல் வேண்டும். ஒருவரே பத்தாண்டு தலைவராயிருந்து, பின் கோபித்துக்கொண்டு புதுக்கழகம் தொடங்கும் வழக்கத்தை விடுதல் வேண்டும். ஒரு சாதியார், ஒரு தெருவார் மட்டுமே ஆடும் கழகத்துக்குப் பொதுப்பணம் கேட்க எமக்கு முகமில்லை. பந்துக்குக் குலம் கோத்திரம் தெரியாது. அதனை உதைக்கும் பிள்ளைக்கும் அதனைக் கற்பியாதிருப்போமாக.

பெரியோர்களே, உங்கள் காணிகளுள் மாலை இரண்டு மணிநேரம் வெறுமனே கிடக்கும் தரிசொன்று இருக்குமாயின், அதனைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் விழாவுக்குப் பணம் அனுப்பினால், அதிற் பாதியைப் பழக்குபவரின் ஊதியத்துக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். வாலிபர்களே, நீங்கள் ஆடியது போதுமென்று காலணியைக் கழற்றும் நாளில் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மைதானத்தின் ஓரத்திலே எட்டு வயதுப் பிள்ளையொன்று வெறுங்காலோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பந்தைத் தள்ளிவிடுங்கள்.

சுவாமிகள் எம்மூருக்கு வந்து நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அவர் சொன்ன உரம் எமது பிள்ளைகளின் உடலில் ஏறவேண்டுமாயின், அவர்களுக்கு நாம் படியளத்தல் வேண்டும். இனியொரு தாய் பேருந்துக் கூலிக்குத் தன் காப்பை அடைவு வைக்காதிருக்கும் நாளே, எமது குடாநாட்டின் உதைபந்து வென்ற நாளாகும்.